வரிக்கு வரி தமிழில் சொல்லித்தான் ஆங்கிலப் பாடம் நடத்த வேண்டுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எவரெஸ்ட் ஏறியவர்களைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தேன். பிள்ளைகள் சத்தம் போட்டு நன்றாகவே வாசிக்கிறார்கள். கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னால்தான் வகுப்பு நகர்கிறது. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. வரிக்கு வரி அர்த்தம் சொல்லும்போது படிப்பவர் நீங்கள்தான். பிள்ளைகள் கதை கேட்கிறார்கள். தமிழே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைப் பாடத்துக்கு நடுவில் தெளிக்காமல் முன்னாலேயே செலவழித்துவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, நடந்ததைத் தமிழிலேயே சொல்லுங்கள். 1953-ல் ஜான் ஹன்ட் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு போனது. மே 26 அன்று முதல் ஜோடியான போர்டிலனும் எவன்ஸும் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே, தெற்குச் சிகரம் வரை போய்த் திரும்பிவிட்டார்கள். மே 29 காலை 11.30 மணிக்கு இரண்டாவது ஜோடியான ஹிலரியும் டென்சிங்கும் 8,848 மீட்டர் உயர உச்சியில் நின்றார்கள். எந்த இடத்தில் யார் திரும்பினார்கள் என்று படத்திலேயே புள்ளி வையுங்கள். முடிவைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடுமே என்று தயங்காதீர்கள். பனியையே பார்க்காத பிள்ளைக்கு மொழி, இடம், ஆட்கள் மூன்றும் ஒரே நேரத்தில் புதிதாக வந்தால் மூன்றுமே நிற்காது.

அடுத்தது சொற்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருபது கடினச் சொற்களைப் பலகை நிறைய எழுதிப் போட்டு, அதிலேயே ஒரு பீரியடைக் கரைத்திருக்கிறேன். ‘ஐஸ் ஆக்ஸ்’ (பனிக்கோடரி), ‘கிரவாஸ்’ (பனிப்பாளத்தில் விழுந்த ஆழமான பிளவு) போன்றவற்றுக்கு ஒரு படம் காட்டினால் போதும். குழி பறிப்பவை தெரிந்த சொற்கள்தான். ‘டிராப்’ என்றால் சொட்டு மருந்து ஞாபகம் வரும். மலை முகட்டின் இரண்டு பக்கமும் ‘டிராப்’ என்று வந்தால் அது கிடுகிடு பள்ளம். ‘ஃபேஸ்’ முகமல்ல, மலையின் செங்குத்தான பக்கம். ‘கேம்ப்’ என்றதும் கண் சிகிச்சை முகாமை நினைக்கிற பிள்ளைகள் உண்டு. இப்படி நாலைந்தை மட்டும் பேசிவிட்டு நகருங்கள்.

இனி, உண்மையான சிக்கல். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘ஹிலரி ஸ்பென்ட் டூ அவர்ஸ் வார்மிங் த பூட்ஸ் தட் ஹி ஹேட் லெஃப்ட் அவுட்சைட் த டென்ட்.’ கூடாரத்துக்கு வெளியே விட்டிருந்த பூட்ஸைச் சூடாக்குவதில் ஹிலரிக்கு இரண்டு மணி நேரம் போனது என்று அர்த்தம். இதில் தெரியாத சொல் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் பாதி வகுப்பு தடுக்கி விழும். தமிழில் ‘கூடாரத்துக்கு வெளியே விட்டிருந்த பூட்ஸ்’ என்று விவரத்தை முன்னால் சொல்லிவிட்டுப் பொருளைப் பின்னால் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பொருள் முதலில், விவரம் பிறகு. போதாக்குறைக்கு, ‘தட்’ என்றால் ‘அது’ என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் ‘பூட்ஸ்’ என்ற இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ‘எந்த பூட்ஸ்?’ என்று நீங்கள் கேளுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பதில் இருக்கும். இரண்டு வாரம் இதை விடாமல் செய்தால், பிள்ளைகளே ‘எந்த ஆள்?’, ‘எந்த இடம்?’ என்று கேட்டுக்கொண்டு படிக்க ஆரம்பிப்பார்கள்.

அதே வாக்கியத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. பூட்ஸை வெளியே விட்டது, சூடாக்கியது, மலையேறக் கிளம்பியது என்று மூன்று துண்டுச் சீட்டில் எழுதி, எது முதலில் நடந்தது என்று அடுக்கச் சொல்லுங்கள். வாக்கியத்தில் கடைசியில் வரும் ‘வெளியே விட்டது’தான் முதலில் நடந்தது. அதைக் காட்டிக்கொடுப்பது ‘ஹேட்’. இலக்கண வகுப்பில் அரை மணி நேரம் விளக்கினாலும் புரியாதது, சீட்டை இடம் மாற்றும்போது சட்டென்று புரிந்துவிடும்.

பிறகு, ‘ஏன் சூடாக்க வேண்டியிருந்தது?’ என்று கேளுங்கள். வாக்கியத்தில் பதில் இல்லை. யாராவது ஒரு பிள்ளை, ‘ராத்திரி பூரா வெளிய கிடந்து ஐஸாயிருக்கும் டீச்சர்’ என்று சொல்லும். அன்று காலை பூட்ஸ் கல்லாக உறைந்துதான் கிடந்தது. அந்தப் பதிலைத் தமிழிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால்தான் செல்லும் என்றால், புரிந்த பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுத வைப்பது வேறு வேலை, அதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

தேதி, உயரம், நேரம் தேடும் கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். எண்ணைக் கண்ணால் துழாவி எடுத்துவிடலாம், பாடம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பதில்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சத்தமாக வாசிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உச்சரிப்பில் கவனம் போகும்போது பொருளில் போகாது. முதலில் ஒரு பத்தி, மூன்று நிமிடம், மௌனமாக. பிள்ளைகள் படிக்கத் தொடங்கும் முன்பே கேள்வியைப் பலகையில் எழுதிவிடுங்கள், ஒரே ஒரு கேள்வி. தேடுவது என்னவென்று தெரிந்தால்தான் கண் தேடும்.

உச்சியில் எடுத்த புகைப்படம் கிடைத்தால் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பனிக்கோடரியை உயர்த்தியபடி டென்சிங் மட்டும் நிற்பார். ‘ஹிலரி எங்கே?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். படத்தைப் பற்றிய பத்தியை நீங்கள் சொல்லாமலே அவர்கள் புரட்டித் தேடுவார்கள்.