விளம்பரத்தை ஏஐ எழுதலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏஐ எழுதித் தரும் விளம்பரங்களைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் பைகள் விற்கிறேன். எல்லாப் பொருள்களுக்கும் ஏஐ மூலம் விவரக்குறிப்பு எழுதிப் பதிவேற்றினேன். ‘மழையில் நனையாது என்று போட்டிருந்தீர்களே’ என்று ஒருவர் பையைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அப்படி எழுதச் சொல்லவே இல்லை. எப்படி வந்தது?

நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வந்தது. நீங்கள் ஏஐக்குக் கொடுத்ததாக அனுப்பியிருக்கும் குறிப்பு இது: ‘சாம்பல் நிறம், இரண்டு அறை, தோள்வார், 15 அங்குல லேப்டாப் வைக்கலாம்.’ இதை வைத்து 120 சொல்லில் விவரம் கேட்டிருக்கிறீர்கள். நான்கு தகவலை 120 சொல்லாக்க வேண்டுமானால் மீதியை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதும் மென்பொருள் இது. லேப்டாப் பைகளைப் பற்றி இணையத்தில் கிடக்கும் எழுத்தில் ‘நீர்புகாத’ என்ற சொல் அடிக்கடி வரும். அது உங்கள் பையின் மேலும் ஒட்டிக்கொண்டது. உங்கள் பை எந்தத் துணி என்றுகூட அதற்குத் தெரியாது.

செய்ய வேண்டியது சலிப்பான வேலைதான். விவரக்குறிப்பை எடுத்து, வாங்குபவர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒவ்வொரு கூற்றின் கீழும் கோடு போடுங்கள்: துணி, அளவு, எடை, தாங்கும் பாரம், துவைக்கும் முறை, உத்தரவாதம். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் தந்த தாளில் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடித்துவிடுங்கள். விவரம் 40 சொல்லாகச் சுருங்கினால் சுருங்கட்டும். ‘குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது’, ‘பல ஆண்டுகள் உழைக்கும்’ போன்றவற்றை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். படிப்பவருக்கு அவை வாக்குறுதிகள்.

படித்துப் பார்த்துத்தான் போட்டேன் என்கிறீர்கள். நம்புகிறேன். சிநெட் என்ற தொழில்நுட்பத் தளமும் படித்துப் பார்த்துத்தான் போட்டது. 2022 இறுதியில் அது நிதி விளக்கக் கட்டுரைகளை ஏஐயில் எழுதி வெளியிடத் தொடங்கியது. 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதலாண்டில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்றது அவற்றில் ஒன்று. வட்டி 300 டாலர்தான். விஷயம் வெளியே வந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தபோது 77 கட்டுரைகளில் 41-இல் திருத்தம் போட நேர்ந்தது. சரளமான நடையில் பிழையுள்ள வரியும் மற்ற வரிகளைப் போலவே வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் கோடு போடச் சொல்கிறேன். வெறுமனே வாசித்தால் கண்ணில் படாது.

படிக்காமலே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அமேசானில் சில பொருள்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘மன்னிக்கவும், இந்தக் கோரிக்கையை நிறைவேற்ற இயலாது, இது ஓப்பன்ஏஐ கொள்கைக்கு எதிரானது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் நின்றது. எழுத மறுத்து ஏஐ சொன்ன பதிலைப் படிக்காமல் அப்படியே ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே விலையும் இருந்தது.

கேள்வி: ஏஐ எழுதிய பக்கங்களைக் கூகுள் தண்டிக்கும் என்கிறார்கள். தண்டிக்காது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எழுத்து எப்படி உருவானது என்பதைவிட அது படிப்பவருக்குப் பயன்படுகிறதா என்பதையே பார்ப்போம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. தேடல் வரிசையில் மேலே வருவதற்காகவே எழுத்தைத் தானியங்கியாகக் குவித்தால் அது ஸ்பேம், அதாவது குப்பை, என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. முதல் பாதியை மட்டும் படித்தவர்கள்தான் உங்களுக்குத் தைரியம் சொல்பவர்கள்.

2024 மார்ச்சில் விதி இறுகியது. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், யாருக்கும் பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வது விதிமீறல் என்றாகிவிட்டது. அந்த மாதம் சில தளங்கள் தேடல் முடிவுகளிலிருந்தே காணாமல் போயின.

இதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. பொதுவான தகவல்களுக்குத் தேடல் பக்கத்தின் தலையிலேயே ஏஐ சுருக்கம் வந்துவிடுகிறது. ஏஐக்கு ஏற்கெனவே தெரிந்ததையே ஏஐயைக் கொண்டு எழுதிப் போட்டால் அதைப் படிக்க உங்கள் தளம் வரைக்கும் யார் வருவார்கள்? தண்டனை வருமா என்று கேட்கும் முன், ஆள் வருவதற்கு ஒரு காரணமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வாசனை மெழுகுவர்த்திகள் செய்து விற்கிறேன். முன்பு நானே தட்டுத்தடுமாறி எழுதும்போது பதிவுகளுக்குப் பதில் வரும், கேள்வி கேட்பார்கள். இப்போது ஏஐ அழகாக எழுதித் தருகிறது, ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன்?

நீங்கள் அனுப்பிய மாதிரியைப் படித்தேன். ‘உங்கள் இல்லத்தின் ஒவ்வொரு தருணத்தையும் ஒளிமயமாக்குங்கள், அமைதியும் நறுமணமும் கைகோர்க்கும் அனுபவம்.’ இலக்கணப் பிழை இல்லை. இதையே ஊதுவத்திக்கும் போடலாம், படுக்கை விரிப்புக்கும் போடலாம். உங்கள் போட்டியாளரும் அதே கருவியிடம் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அவருக்கும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான் கிடைக்கும்.

2024 ஜூலையில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சிறுகதை எழுதுபவர்களில் சிலருக்கு ஏஐ தந்த யோசனைகளைக் கொடுத்தார்கள். அவர்களுடைய கதைகளைத் தனித்தனியே படித்தவர்கள் நன்றாக இருப்பதாக மதிப்பிட்டார்கள். கற்பனைத் திறன் குறைந்தவர்களுக்கே அதிகப் பலன். ஆனால் எல்லாக் கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஏஐ யோசனை பெற்றவை ஒன்றோடொன்று அதிகம் ஒத்திருந்தன. உங்கள் திரையில் தனியாகப் பார்க்கும்போது பதிவு அழகாகத் தெரிவதும், வாங்குபவரின் திரையில் பத்தோடு பதினொன்றாகக் கரைந்துபோவதும் இதனால்தான்.

பழைய பதிவு ஒன்றையும் அனுப்பியிருக்கிறீர்கள். ‘ஏற்றும் முன் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். நீளமாக விட்டால் கரும்புகை வந்து கண்ணாடியில் படியும். முதல்முறை ஏற்றும்போது மேல் மெழுகு ஓரம்வரை உருகும்வரை அணைக்காதீர்கள். பாதியில் அணைத்தால் அடுத்த முறை நடுவில் மட்டும் குழி விழும், ஓரத்து மெழுகு வீண்.’ இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தித்தான் இங்கே கொடுத்திருக்கிறேன். பதில் எதற்கு வந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை. மெழுகைக் கையால் ஊற்றுகிறவர் சொல்கிறார் என்று படிக்கும்போதே தெரிகிறது.

ஏஐ வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலையின் வரிசையை மாற்றுங்கள். முதலில் உங்கள் உள்பெட்டியைத் திறந்து வாடிக்கையாளர்கள் கேட்டதை, குறைசொன்னதை, பாராட்டியதை அவர்கள் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் பதிலை நீங்களே எழுதுங்கள், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. அதன் பிறகு, எழுத்துப்பிழையை மட்டும் திருத்து, புதிதாக எதையும் சேர்க்காதே என்று சொல்லிக் கருவியிடம் கொடுங்கள். சேர்க்காதே என்று சொல்லியும் சேர்க்கும். மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெளியாள் ஒருவரிடம் கட்டுரை எழுதி வாங்கினேன். கண்டறியும் கருவியில் போட்டால் ‘80 சதவீதம் ஏஐ’ என்கிறது. அவர் மறுக்கிறார். பணத்தை நிறுத்திவிடலாமா?

அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து நிறுத்தாதீர்கள், அது நியாயமில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தானே ஒரு கண்டறியும் கருவியை 2023 தொடக்கத்தில் வெளியிட்டது. அதன் சொந்தச் சோதனையிலேயே ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது. மனிதர் எழுத்தில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அந்த ஆண்டு ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அந்தக் கருவிகள் ஏஐ என்று முத்திரை குத்தின. எளிய சொற்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

எழுதியவரிடம் குறிப்புகளைக் கேளுங்கள், முதல் வரைவைக் கேளுங்கள், ‘இந்தத் தகவல் எங்கே கிடைத்தது’ என்று மூன்று இடங்களைக் காட்டிக் கேளுங்கள். உழைத்தவர் உடனே சொல்லிவிடுவார். அடுத்த முறை, ஏஐ பயன்படுத்தலாமா, எந்த அளவுக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லத் தளத்தில் வைத்த சாட்பாட், 15 நாளில் முடியும் திருப்பியனுப்பும் கெடுவை 45 நாள் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறது. விதிமுறைப் பக்கத்தில் சரியாகத்தானே இருக்கிறது, நான் ஏன் பணம் தர வேண்டும்?

இதே வாதத்தை ஏர் கனடா வைத்துப் பார்த்துவிட்டது. பாட்டியை இழந்த ஒரு பயணி, துக்கப் பயணச் சலுகையைப் பற்றி அதன் சாட்பாட்டிடம் கேட்டார். டிக்கெட் வாங்கி 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்றது அது. நிறுவனத்தின் விதியோ, பயணம் முடிந்தபின் சலுகை கோர முடியாது என்று இருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்தில், சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனத்தின் வாதம் போனது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. ஒரே தளத்தின் ஒரு பகுதியை நம்பலாம், இன்னொன்றை நம்பக் கூடாது என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, சுமார் 812 கனடா டாலர் தரச் சொன்னது. தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில்.

அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பணம், திருப்பியனுப்புதல், வந்துசேரும் தேதி ஆகிய மூன்றிலும் சாட்பாட் சொந்தமாக வாக்கியம் அமைக்கக் கூடாது. உங்கள் விதியை எழுத்து மாறாமல் எடுத்துக் காட்டட்டும், அதற்கு மேல் கேட்டால் ஆளிடம் அனுப்பட்டும். உரையாடல் பதிவுகளை வாரம் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். பலர் அதை நிறுவிய நாளோடு மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: புதுத் தளத்தில் மதிப்புரைகள் குறைவு. ஏஐயைக் கொண்டு ஐம்பது மதிப்புரை எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். எல்லோரும் செய்வதுதானே?

கூடாது. வாங்காத ஆள் வாங்கியதாகச் சொல்வது மோசடி, எழுதியது எதுவானாலும் சரி. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள வர்த்தக ஆணைய விதி, ஏஐ உருவாக்கிய போலி மதிப்புரைகளையும் தடைசெய்கிறது. வாங்கியவர்களுக்குப் பொருள் சேர்ந்த சில நாளில் ஒரே ஒரு கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐந்து பேர் எழுதினாலும் அந்த ஐந்து உங்களுடையவை.

கேள்வி: படங்களையும் ஏஐயிலேயே செய்துகொள்ளலாமா?

விற்கும் பொருளின் படம் என்றால் வேண்டாம். கைபேசியில் வெளிச்சம் பார்த்து எடுத்த படம் போதும். 2024 பிப்ரவரியில் கிளாஸ்கோவில் நடந்த சாக்லேட் நிகழ்ச்சி நினைவிருக்கலாம். மாயலோகம் போன்ற ஏஐ படங்களைப் பார்த்து 35 பவுண்டு வரை கொடுத்துக் குழந்தைகளோடு வந்தவர்கள் கண்டது ஏறக்குறைய காலியான கிடங்கு. போலீஸ் வரும் அளவுக்குத் தகராறாகி முதல் நாளே இழுத்து மூடினார்கள். விளம்பரப் படத்திலேயே பொருளில்லாத சொற்கள் எழுதியிருந்தன. அதையும் எவரும் படிக்கவில்லை.

சின்னமோ தளத்தின் முக்கிய ஓவியமோ என்றால் உரிமையையும் யோசியுங்கள். வெறும் கட்டளை எழுதி ஏஐயிடம் பெற்ற படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் எடுத்த நிலை. வேறொருவர் அதை எடுத்துப் போட்டால் அங்கே பதிப்புரிமையைக் காட்டித் தடுப்பது கடினம்.

கேள்வி: வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல் எழுதச் சொல்லலாமா?

பெயர், முகவரி, வாங்கிய விவரம் இவற்றை இலவசக் கருவியில் ஒட்டாதீர்கள். ஊழியர்கள் நிறுவனத்தின் உள் மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்து, 2023-இல் சாம்சங்கே இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. இன்னொன்று: எழுதுவது சுலபமாகிவிட்டது என்று அனுப்புவதைக் கூட்டாதீர்கள். பெருமளவில் அனுப்புபவர்களின் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலின் நிபந்தனை. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்தால் போதும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள். நீங்கள் ஏஐயைப் பயன்படுத்துவதே இல்லையா?

பயன்படுத்துகிறேன். நீண்டதைச் சுருக்க, ஒரே விவரத்தை மூன்று அளவில் பெற, பத்துத் தலைப்பு கேட்டு ஒன்பதைத் தள்ள. எனக்கு மிகவும் உதவுவது வேறொரு வேலை. எழுதி முடித்த பக்கத்தைக் கொடுத்து, ‘இதை வாங்க நினைப்பவருக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடைக்காத கேள்விகள் எவை?’ என்று கேட்பேன். பட்டியல் தரும். அதில் சில அசட்டுத்தனமாக இருக்கும். இரண்டு மூன்று கேள்விகள் நான் நினைத்தே பார்க்காதவையாக இருக்கும். அவற்றுக்கான பதிலைக் கருவியிடம் கேட்பதில்லை, பொருளைச் செய்தவருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறேன்.