வாடகை வீட்டை ரீஃபைனான்ஸ் செய்தால் கையில் எவ்வளவு வரும்?

கேள்வி: டல்லாஸ் அருகே முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மதிப்பு 4,00,000 டாலர், கடன் பாக்கி 2,20,000. மீதி 1,80,000 டாலரையும் கேஷ்-அவுட் ரீஃபைனான்ஸில் (பழைய கடனை அடைத்துப் பெரிய புதுக் கடன் வாங்கி, மிச்சத்தை ரொக்கமாக எடுப்பது) எடுக்கலாமா? வட்டி குறைந்ததால் எட்டு மாதம் முன்புதான் கடனை மாற்றினோம்.
– வாசகர், டெக்ஸாஸ்

பதில்: முழுவதும் கிடைக்காது. இன்றைய நிலையில் எதுவுமே கிடைக்காது. மதிப்பு இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்கள். கடன் தருபவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, அடைக்கப்போகும் கடன் 12 மாதமாவது ஓடியிருக்க வேண்டும். பழைய நோட்டின் (கடன் பத்திரத்தின்) தேதியிலிருந்து புதிய நோட்டின் தேதி வரை கணக்கு. 2023 ஏப்ரலில் வந்த விதி இது. வீடு உங்கள் பெயரில் ஆறு மாதம் இருக்க வேண்டும் என்பது தனி விதி. இரண்டையும் ஒன்றென்று நினைத்தவர்கள் அப்ரைசலுக்கு, அதாவது வீட்டு மதிப்பீட்டுக்கு, பணம் கட்டிய பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். இன்னும் நான்கு மாதம் பொறுங்கள்.

அதன்பின் தொகை. ஒற்றைக் குடித்தன வாடகை வீட்டுக்கு வரம்பு அப்ரைசல் மதிப்பில் 75%, அதாவது 3,00,000. பாக்கி போக 80,000. டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டு உரிமைச் சிக்கலுக்கான காப்பீடு) முதலான செலவுகளும், எஸ்க்ரோவில் (வரிக்கும் காப்பீட்டுக்கும் பணம் ஒதுக்கி வைக்கும் கணக்கில்) முன்கூட்டியே போடும் சொத்துவரியும் காப்பீடும் அதில்தான் கழியும். (இரண்டு முதல் நான்கு குடித்தனம் என்றால் 70%.)

கையிருப்பும் காட்ட வேண்டும்: அசல், வட்டி, வரி, காப்பீடு சேர்ந்த ஆறு மாதத் தவணை. மாதம் 2,600 டாலர் என்றால் 15,600. இந்தக் கடனில் வரப்போகும் ரொக்கத்தை இதற்குக் கணக்குக் காட்ட முடியாது. ஒப்பந்த வாடகையிலும் 75% மட்டுமே வருமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று முக்கியம். குடியிருந்தபோது வாங்கிய ஹோம்ஸ்டெட் வரிச்சலுகையை (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான சொத்துவரிச் சலுகை) நீக்கினீர்களா? சொத்துவரிக்காக வீட்டை மதிப்பிடும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் உங்கள் முகவரியைத் தேடிப் பாருங்கள். சலுகை இன்னும் இருந்தால், வீட்டு உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி கேள்வி எழுப்பும். டெக்ஸாஸ் அரசியல் சட்டத்தின் ஹோம் ஈக்விட்டி (வீட்டு மதிப்பில் கடன் போக உள்ள பங்கின் மீது வாங்கும் கடன்) கட்டுப்பாடுகள், 12 நாள் காத்திருப்பு உட்பட, ஹோம்ஸ்டெட் வீட்டுக்குத்தான். வாடகை வீடு அதில் சிக்கத் தேவையில்லை. சலுகையை இப்போதே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வாடகை வீடு எல்எல்சி (நாங்கள் பதிவு செய்த சிறு நிறுவனம்) பெயரில் உள்ளது. இதே கடன் கிடைக்குமா?

பதில்: எல்எல்சிக்கு ஃபேனி மே கடன் கிடையாது. க்ளோசிங்கிற்குள் (கடன் பத்திரங்களில் கையெழுத்திடும் நாளுக்குள்) வீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். எல்எல்சியில் பெரும்பங்கு உங்களுடையது என்றால், அது வைத்திருந்த காலமும், வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டிய அந்த ஆறு மாதக் கணக்கில் சேரும். மாற்ற விருப்பமில்லை என்றால், வாடகையைத் தவணையோடு ஒப்பிட்டுத் தரும் டிஎஸ்சிஆர் கடன் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் அதில் முன்கூட்டி அடைத்தால் அபராதம் எத்தனை வருடம், எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.