பழகியவரே பெயரைத் திருடினால்: வாசகர் கேள்வி – பதில்

பிரிந்துபோன கணவர், மனைவி, காதலர் தங்கள் அடையாளத்தைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

நாங்கள் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நான் வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு அழைப்பு மேல் அழைப்பு வருகிறது. என் அடையாள அட்டை நகல், கையெழுத்து, பிறந்த தேதி எல்லாம் அவரிடம் இருந்தவைதான். கேட்டதற்கு, "ஆமாம், நீயே கட்டிவிடு" என்று செய்தி அனுப்பினார். எங்கிருந்து தொடங்குவது?

முதலில், அவரிடம் இதைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அவர் அனுப்பிய அந்தச் செய்திதான் இப்போது உங்களிடம் உள்ள மிக வலுவான சான்று. நீங்கள் புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் கையில் இருக்கும் தடயங்கள் காணாமல் போகும். திரைப்பதிவு மட்டும் போதாது. அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள். மூலச் செய்தியையும் போனில் அழிக்காமல் வையுங்கள். நகல்களை அவருக்குத் தெரிந்த இணையச் சேமிப்பில் போடாதீர்கள். அவர் தொட முடியாத இடத்தில் வையுங்கள். அவர் மிரட்டுகிறவர், கை நீட்டுகிறவர் என்றால் உங்கள் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டபின் மற்றதைத் தொடங்குங்கள்.

அடுத்தது கடன் அறிக்கை, அதாவது உங்கள் பெயரில் உள்ள கடன்களின் பதிவு. உங்களை அழைக்கும் நிறுவனம் ஒன்றாக இருக்கலாம், கடன்கள் பலவாக இருக்கலாம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. உங்கள் நாட்டில் எத்தனை உள்ளனவோ அத்தனையிலும் அறிக்கை வாங்குங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் இருப்பது சாதாரணம். கணக்குகளின் பட்டியலோடு நின்றுவிடாமல் "விசாரணைகள்" என்ற பகுதியைப் பாருங்கள். அவர் விண்ணப்பித்து இன்னும் கிடைக்காத கடன்கள் அங்கேதான் தெரியும். உங்களுடையதல்லாத முகவரியோ போன் எண்ணோ உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலுவைக் கடிதங்கள் இத்தனை நாள் எங்கே போயின என்பதற்கு அதுவே விடை.

பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தின் மோசடிப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். "இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, பணம் எனக்கு வரவில்லை" என்று நேராக எழுதுங்கள். மணவாழ்க்கையின் கதை அதில் வேண்டாம். அது வந்தால் "குடும்பத் தகராறு" என்று ஓரம்கட்டுவார்கள். விண்ணப்பத்தின் நகல், கையெழுத்து அல்லது மின்கையொப்பப் பதிவு, ஓடிபி போன எண், விண்ணப்பித்த கருவியின் ஐபி முகவரி (இணைய இணைப்பைக் காட்டும் எண்) ஆகியவற்றைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்று கேளுங்கள். பணம் போன கணக்கு அவருடையது என்றால் வழக்கில் பாதி முடிந்தது. உங்களிடம் நேரடியாகத் தர மறுத்தால், அதே பட்டியலைக் காவல்துறைப் புகாரில் எழுதி அவர்கள் மூலம் கேட்கச் சொல்லுங்கள். புகாரின் நகலும் பதிவு எண்ணும் இல்லாமல் காவல் நிலையத்திலிருந்து திரும்பாதீர்கள். கடன் தகவல் நிறுவனங்களிடம் பதிவைத் திருத்தக் கேட்கும்போது அந்த எண் பெரிதும் உதவும்.

பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். தொல்லை தாங்காமல் ஒரே ஒரு தவணையைக் கட்டிவிடுகிறார்கள். அதைக் கடனை ஒப்புக்கொண்டதாகக் காட்ட முடியும். "பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்ற பேச்சுக்கும் இதே பதில்தான்: புகாரின் முடிவு எழுத்தில் வரும்வரை ஒரு காசும் கட்டாதீர்கள். கடன், வசூல் நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தால் அவர்களுக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். முதல் நிறுவனம் சொல்லியிருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஒவ்வோர் அழைப்பிலும் பேசியவரின் பெயர், தேதி, நேரம், புகார் எண்ணை ஒரே நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் நாட்டில் கடன் பதிவை முடக்கும் வசதி இருந்தால் உடனே முடக்குங்கள். புதிய கடன்களைத்தான் அது தடுக்கும். ஏற்கெனவே உள்ள கூட்டுக் கணக்கு, அவருக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த துணை அட்டை ஆகியவற்றை அது தொடாது. அவற்றைத் தனித்தனியாக மூட வேண்டும்.

கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிவிட்டேன். அப்படியும் என் மின்னஞ்சலில் உள்ளது அவளுக்குத் தெரிகிறது. எப்படி?

கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வர வழி வைத்திருக்கிறார். மின்னஞ்சல் அமைப்புகளில் மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா, மடல்களைத் தானாகப் பிரித்து அனுப்பும் வடிகட்டி நீங்கள் போடாதது ஏதும் இருக்கிறதா, வேறொருவருக்குக் கணக்கைப் பார்க்க அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இம்மூன்றும் கடவுச்சொல்லை மாற்றினாலும் அழியாமல் இருக்கக்கூடியவை. மீட்பு முகவரியும் மீட்பு எண்ணும் யாருடையவை? சேர்ந்து வாழ்ந்த நாளில் அவருடைய எண்ணைக் கொடுத்திருந்தால், "மறந்துவிட்டேன்" என்பதை அழுத்தி அவரால் எப்போதும் உள்ளே வர முடியும்.

இதையெல்லாம் அவர் கை படாத கருவியிலிருந்து செய்யுங்கள். பழைய போனில் வேவு செயலி இருந்தால் புதிய கடவுச்சொல்லும் அவருக்குப் போய்ச் சேரும். வரிசையும் முக்கியம்: முதலில் மின்னஞ்சல், அடுத்து போன் எண், அதன்பின் வங்கி. மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது என்பதால் வங்கியில் தொடங்கினால் வேலை இரட்டிப்பாகும். உள்நுழைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு (அது சான்று), பிறகு எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியையும் பாருங்கள். ஒரு கணக்கோடு போன் தவிர 4 சாதனங்கள் வரை இணைக்கலாம், உங்கள் போன் அணைந்திருந்தாலும் அவற்றில் செய்தி வரும். ஐபோன் என்றால் ஐஓஎஸ் 16 முதல் உள்ள "சேஃப்டி செக்" வசதி, யாரோடு என்னென்ன பகிர்ந்திருக்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டி நிறுத்த உதவும்.

பாதுகாப்புக் கேள்விகளை யாரும் மாற்றுவதில்லை. அம்மாவின் பெயர், படித்த பள்ளி, முதல் வண்டி எல்லாம் முகம் தெரியாத திருடனுக்குத்தான் கடினம். கூட வாழ்ந்தவருக்கு அவை மனப்பாடம். அதனால் பொய்யான விடைகளைக் கொடுங்கள். பள்ளியின் பெயர் கேட்டால் பொருளற்ற எழுத்துகளைக் கொடுத்து, கடவுச்சொல் மேலாளரில் (கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் செயலி) சேமித்து வையுங்கள்.

போன் எண்ணுக்கு இரண்டு பூட்டுகள் தேவை. சிம்முக்கு நீங்கள் போடும் ரகசிய எண்ணான சிம் பின், உங்கள் சிம்மை எடுத்து வேறு போனில் பயன்படுத்துவதைத் தடுக்கும். உங்கள் பெயரைச் சொல்லி மாற்று சிம் வாங்குவதை அது தடுக்காது. அதற்கு சேவை நிறுவனத்திடம் கணக்குக்கென்று தனிக் குறியீடு கேட்டு வாங்குங்கள். முடிந்த இடங்களில் ஓடிபியைக் குறுஞ்செய்தியில் பெறாமல், போனிலேயே குறியீட்டை உருவாக்கும் அங்கீகாரச் செயலிக்கு மாற்றுங்கள்.

பழிக்குப் பழியாக நீங்கள் அவருடைய கணக்கில் நுழைந்து சான்று தேடாதீர்கள். அது உங்கள் மேல் வழக்காகும்.

கடன் பத்திரத்தில் நானேதான் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் போட்டேன். இதுவும் அடையாளத் திருட்டா?

போலிக் கையெழுத்தும் வற்புறுத்தி வாங்கிய கையெழுத்தும் சட்டத்தில் வேறு வேறு. தயவுசெய்து "கையெழுத்து என்னுடையதல்ல" என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். கையெழுத்து ஒத்துப்போனால், உண்மையில் நடந்த கொடுமையையும் நம்ப மாட்டார்கள். வற்புறுத்தல் என்றே எழுதுங்கள். அந்த நாட்களில் நடந்த மிரட்டல் செய்திகள், மருத்துவப் பதிவுகள், யாரிடமாவது அப்போதே சொன்னது ஆகியவற்றைச் சேர்த்து, கடன் பற்றித் தனியாகக் கேட்காமல் குடும்ப வன்முறை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் போங்கள். விவாகரத்து நடந்துகொண்டிருந்தால் இந்தக் கடனை அந்த வழக்கிலேயே எழுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஆனால் "கடனை அவர் கட்ட வேண்டும்" என்று நீதிமன்றம் சொன்னாலும், பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கும்வரை கடன் கொடுத்தவர் உங்களிடம் வரலாம். பெயரை நீக்கவோ கடனை அவர் பெயருக்கு மாற்றவோ தனியாகக் கேட்க வேண்டும்.

என் பெயரிலும் படத்திலும் அவர் போலிக் கணக்கு நடத்துகிறார். நண்பர்களை விட்டுப் புகார் செய்து மூடிவிடலாமா?

மூடுவதற்கு முன் பக்கத்தின் முழு இணைப்பு முகவரி, பயனர் பெயர், இடுகைகள் எல்லாவற்றையும் தேதியோடு பதிவு செய்யுங்கள். கணக்கு மறைந்துவிட்டால் சான்றும் மறைந்துவிடும். பதிவு செய்தபின் காவல்துறையில் புகார் கொடுத்து, அந்தத் தளத்தின் ஆள்மாறாட்டப் புகார்ப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். பாதிக்கப்பட்டவர் நேரடியாகத் தரும் புகாருக்கு எடை அதிகம்.

எங்கள் மகளுக்கு 9 வயது. அவளுடைய ஆவணங்களும் அவரிடம் உள்ளன.

இந்த வயதுக் குழந்தைக்குப் பொதுவாகக் கடன் பதிவே இருக்கக் கூடாது. கடன் தகவல் நிறுவனத்துக்கு அவளுடைய பிறப்புச் சான்றும் நீங்கள் பெற்றோர் என்பதற்கான சான்றும் அனுப்பி, அவள் பெயரில் பதிவு உண்டா என்று கேளுங்கள். இருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன வழியில் புகார் கொடுங்கள். இல்லையென்றால் "பதிவு இல்லை" என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை மறுபடி கேளுங்கள். அவளுக்கு வங்கிக் கணக்கு இருந்தால் அதை இயக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று இந்த வாரமே வங்கியில் பாருங்கள்.