விரிப்புகளோடு பறந்தவள்

வணக்கம் ஐயா,

நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டு கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை வாங்கினேன். பிடித்திருக்கிறதா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை. ஊருக்கே மறதி வந்து, மாட்டின் கழுத்தில் ‘இது மாடு, தினமும் பால் கறக்க வேண்டும்’ என்று எழுதித் தொங்கவிடும் இடத்தில் சொக்கிப்போனேன். அப்புறம் பேரழகி ரெமேதியோஸ் படுக்கை விரிப்புகளோடு வானத்தில் ஏறியதும் எரிச்சலாகி மூடிவிட்டேன். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால், எது நடந்தால் எனக்கென்ன? முனி, மோகினி என்று எங்கள் அப்பத்தா சொல்லாததா? ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தேன். பிணங்களை ஏற்றிப்போகும் ரயில் வந்த அன்று இரவு தூக்கமில்லை. அதோடு நிற்கிறேன். குறை என்னிடமா, நாவலிடமா?

ஆர்., காரைக்குடி

அன்புள்ள ஆர்.,

மூடி வைத்ததில் தப்பே இல்லை. நான் முதல் தடவை அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. ஒரே பெயரில் வரும் இத்தனை பேரில் எந்த அவுரேலியானோ யாருக்குப் பிள்ளை என்ற குழப்பத்திலேயே விட்டுவிட்டேன்.

அந்தப் பறக்கும் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். சாயங்காலம் நாலு மணி. அந்த வீட்டு மருமகள் பெர்னாண்டா தோட்டத்தில் விரிப்புகளை மடிக்க வீட்டுப் பெண்களைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். ரெமேதியோஸ் வெளுத்திருப்பதைப் பார்த்து அமரந்தா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்கிறாள். இத்தனை நன்றாக நான் இருந்ததே இல்லை என்கிறாள் அவள். காற்று விரிப்பைப் பிடித்து இழுக்கிறது. அமரந்தாவின் உள்பாவாடை லேஸ் நடுங்குகிறது. பெண் போயே போய்விட்டாள். பெர்னாண்டாவுக்கு அப்புறம் என்ன கவலை தெரியுமா? விரிப்புகள் போச்சே என்பதுதான். அவற்றையாவது திருப்பி அனுப்பச் சொல்லி ஆண்டவனிடம் நெடுநாள் வேண்டிக்கொள்கிறாள். அந்த அல்பத்தனம் இல்லாவிட்டால் நானும் உங்களோடு சேர்ந்து புத்தகத்தை மூடியிருப்பேன்.

உங்கள் அப்பத்தா குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டித்தான் மோகினி கதை சொல்லியிருப்பார். மார்க்வெஸின் பாட்டி முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் சொல்வாராம். அதே முகத்தோடு எழுதுவதுதான் தான் கண்டுபிடித்த வழி என்று மார்க்வெஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

சரி, ‘எது வேண்டுமானாலும் நடக்கலாம்’ என்கிறீர்களே, கதை நடக்கும் மக்கோந்தோ ஊரில் அப்படி இல்லை. ரெமேதியோஸ் ஏறிப்போனதைப் பெரும்பாலோர் நம்பி மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பாதிரியார் சாக்லேட் பானம் குடித்துவிட்டுத் தரையிலிருந்து எழும்பினால் அதையும் நம்பிக் காசு போடுகிறார்கள். அதே குடும்பத்து ஹோசே அர்க்காதியோ செகுந்தோ, ராணுவம் சுட்டுக் கொன்ற தொழிலாளர்களை ஏற்றிய கிட்டத்தட்ட 200 பெட்டி ரயிலில் பிணங்களுக்கு நடுவே கண்விழித்து, குதித்து, மழையில் நடந்து ஒரு வீட்டுக்கு வருகிறான். அங்கே ஒரு பெண் காயத்தைக் கழுவி காப்பி கொடுக்கிறாள். மூவாயிரம் பேர் இருப்பார்கள் என்கிறான். இங்கே யாரும் சாகவில்லையே என்கிறாள் அவள். இதை மட்டும் ஊர் நம்புவதில்லை. இதற்கோ நிஜ வரலாற்றில் வேர் இருக்கிறது. 1928 டிசம்பரில், கொலம்பியாவின் சியனாகா ஊரில், யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூடியிருந்தபோது ராணுவம் சுட்டது. எத்தனை பேர் என்பதில் இன்றைக்கும் தகராறு. மூவாயிரம் நாவலின் கணக்கு. அப்போது பக்கத்தில், தான் பிறந்த அரகாதகா ஊரில் இருந்த மார்க்வெஸுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. நாவலில் இதற்குக் கொஞ்சம் முன்னால், கம்பெனிக்குத் தொழிலாளர்களே கிடையாது என்று நீதிமன்றம் தீர்ப்பெழுதுகிறது. அதைப் படித்தபோது உங்களுக்கு எரிச்சல் வந்ததா? வந்திருந்தால் அது விரிப்பைப் பார்த்து வந்த எரிச்சல் இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒரு குறை உண்டு. கதையின் முதல் அவுரேலியானோ கல்யாணம் செய்துகொள்ளும் சின்ன ரெமேதியோஸ் (பறந்தவள் இல்லை, இவள் வேறு) இன்னும் படுக்கையை நனைக்கிற குழந்தை. அதையும் கதைசொல்லி அதே சலனமில்லாத முகத்தோடு சொல்லிக்கொண்டு போகிறார். நாலு தடவை படித்தும் அங்கே எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

ரயிலோடு நிற்காதீர்கள். அன்று இரவு தொடங்குகிற மழை 4 வருடம் 11 மாதம் 2 நாள் பெய்கிறது. அதற்கு நடுவே பெர்னாண்டா ஒரு நாள் முழுக்கப் புருஷனை நிறுத்தாமல் திட்டித் தீர்க்கிறாள், மூச்சுவிடாமல், பக்கம் பக்கமாக. அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.