பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எப்படி?

இடப்பக்கம் செயலிழந்த தந்தையை ஒருவரே சக்கர நாற்காலிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரால் நிலையாக உட்காரவும், சொல்வதைப் புரிந்துகொண்டு வலக்காலில் எடை தாங்கவும் முடிந்தால் மாற்றலாம். இல்லையெனில் இரண்டாவது ஆள் தேவை. முதல் சில தடவை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) உடனிருப்பது நல்லது.

நாற்காலியை அவருடைய வலப்பக்கத்தில், கட்டிலுக்கு 30 முதல் 45 பாகை சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்குகளையும் போட்டு, கால்தாங்கிகளை விலக்கிவிடுங்கள். எழுந்து உட்கார்ந்ததும் ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். நெடுநேரம் படுத்திருந்தவருக்கு இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வரலாம்.

பெரும்பாலும் தவறு நேர்வது அடுத்த கட்டத்தில்தான். அக்குளில் கைகொடுத்தோ, செயலிழந்த கையைப் பிடித்தோ தூக்குகிறார்கள். தசை தளர்ந்த தோள்மூட்டு அந்த இழுப்பிலேயே நழுவக்கூடும். (உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்வது பரிவாகத் தோன்றினாலும், உங்கள் முதுகுக்கு அது ஆகாது.) அவருடைய இடுப்பில் அகலமான பட்டை கட்டி அதைப் பற்றிக்கொள்ளுங்கள். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்து, முழங்கால்களுக்குச் சற்றுப் பின்னே இருக்க, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை அவர் முன்னால் சாய்ந்தால், பாதி வேலையை உடலின் எடையே செய்துவிடும். எழும்போது இட முழங்கால் மடங்காதபடி உங்கள் முழங்காலால் முட்டுக்கொடுத்து, அவர் வலக்காலை ஊன்றித் திரும்பி, இருக்கையின் விளிம்பு கால்களின் பின்புறம் படுவதை உணர்ந்த பிறகே மெல்ல அமரச் செய்யுங்கள்.