ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றும் முன் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஷிஃப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு மேல்தான் கொடுவாய் வழியாகக் குண்டடம் பக்கம் வீட்டுக்கு வருகிறேன். வண்டி 2014 மாடல், 100 சிசி. அவிநாசிபாளையம் தாண்டிவிட்டால் ரோடே தெரிவதில்லைங்க. வண்டி நின்றால் ஹெட்லைட் மங்குகிறது, முறுக்கினால் ஏறுகிறது. மெக்கானிக் 100/90 வாட் பல்ப் போடச் சொல்கிறார். கூட வேலை செய்பவர் எல்.இ.டி. பல்ப் போடு என்கிறார். எது நல்லதுங்க?

பதில்: இரண்டுமே வேண்டாம். நின்றால் மங்கி, முறுக்கினால் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வரவில்லை. எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து ஏ.சி.யாக (மாறுதிசை மின்சாரமாக) நேரே வருகிறது. அந்தக் காயில் 35/35 வாட் (பிரைட்டுக்கு 35, டிம்முக்கு 35) பல்புக்குக் கணக்குப் பண்ணிச் சுற்றியது. அதில் 100/90 பல்பைப் போட்டால் காயிலால் ஈடுகொடுக்க முடியாது. வோல்டேஜ் இறங்கி, இழை சிவப்பாக எரியும். இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் தெரியும். கூடுதல் கரண்ட் இழுத்து ஒயரும் ஹோல்டரும் சூடாவது தனி நஷ்டம்.

எல்.இ.டி. பல்பில் சிக்கல் வேறு. ஏ.சி. லைனில் அது பெரும்பாலும் சிமிட்டும், சீக்கிரம் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் டூம் (பல்பைச் சுற்றியுள்ள ஹெட்லைட் கூடு) ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைத்தது. பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல், மேலே போகும் வெளிச்சத்தை வெட்டிவிடுவது அதுதான். எல்.இ.டி. சில்லு அதே இடத்தில், அதே அளவில் உட்காராவிட்டால், ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வெளிச்சம் சிதறும். முன்னால் 10 மீட்டருக்குப் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். பக்கத்தில் அதிக வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்கும், தூரம் இன்னும் இருட்டாகும். ரிஃப்ளெக்டர் போடாத டிராக்டர் டிரெய்லர் நிற்பது அந்தத் தூரத்தில்தான்.

ஆகவே, வண்டி தர வேண்டிய வெளிச்சம் முழுதும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும். பத்து வருடம் ஓடிய வண்டியில் இந்த நஷ்டம் பெரும்பாலும் இருக்கும்.

டூமின் ஸ்குரூக்களைக் கழற்றி முன்னால் இழுத்து, ரப்பர் மூடியை விலக்கி, பல்பின் பின்னால் உள்ள மூன்று பின் ஹோல்டரை உருவுங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, ஒயர் நுழையும் இடம் விறைத்து நொறுங்குகிறதா பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் சுரண்டிச் சரிசெய்ய வேண்டாம். செராமிக் ஹோல்டர் ஒன்று வாங்கி, ஒயரைச் சால்டர் வைத்து இணைத்துவிடுங்கள். வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குள் பழைய நிலைதான்.

அடுத்தது எர்த். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் இது பச்சை ஒயர். அது சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். ஹோல்டரின் எர்த் பின்னிலிருந்து சேஸிஸுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஹேண்டிலில் உள்ள டிம்-பிரைட் சுவிட்சுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது தடவை மேலும் கீழும் தட்டுங்கள். மீட்டர் வைத்துப் பார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: வோல்டேஜ் ஏறாமல் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வெட்டிவிடும் இந்த ஏ.சி.யைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது, அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். முறுக்கும்போதெல்லாம் பல்ப் அடிக்கடி போனால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம்.

பிறகு அதே எச்.எஸ்.1 வகை 35/35 வாட் பல்பை நல்ல கம்பெனியில் புதிதாகப் போடுங்கள். நீலச் சாயம் பூசிய பல்ப் வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தைத்தான் தின்னும். கண்ணாடியில் விரல் படக்கூடாது. பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். டூமின் உட்புறம் வெள்ளி மங்கியிருந்தால் துணி போட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வந்துவிடும். டூமையே மாற்றுவதுதான் வழி. வெளிப்பக்கப் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தால் 1000, பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போடலாம்.

இதற்கெல்லாம் பிறகு, காசே செலவில்லாத, ஆனால் யாரும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது: லைட்டின் உயரம் சரிபார்ப்பது. டயரில் காற்றைச் சரியாக அடித்து, சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். ஸ்டாண்டில் போடக்கூடாது, நீங்கள் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து என்ன உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மில் வைத்தால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 செ.மீ. கீழே விழ வேண்டும். கோட்டுக்கு மேல் போனால் எதிரே வருபவருக்குக் கண் கூசும், 15 செ.மீ. இறங்கினால் உங்களுக்கு ரோடு தெரியாது. தினமும் பின்னால் ஆள் ஏறுவதாக இருந்தாலோ துணி மூட்டை வைப்பதாக இருந்தாலோ, அந்தப் பாரத்தோடுதான் இதைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் இறங்கினால் முன் வெளிச்சம் தென்னை மரத்துக்குப் போய்விடும். பின் ஷாக்கை ஒரு படி இறுக்கினால் பாதி சரியாகும்.

ஹெல்மெட் வைசரில் கீறல் இருந்தால் எதிர் வெளிச்சம் முழுதும் அதில் சிதறும். கறுப்பு வைசர் இரவில் கூடவே கூடாது.

இவ்வளவும் செய்தால்கூட 35 வாட் டிம்மில் உருப்படியாகத் தெரிவது 40, 50 மீட்டர்தான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு தடையைக் கண்டு பிரேக்கைத் தொடவே 25 மீட்டர் ஓடிவிடும், வண்டி நிற்க இன்னும் 24 மீட்டர். ஆக மொத்தம் 49. மிச்சமே இல்லை. 40 கி.மீ.யில் சுமார் 27 மீட்டரில் நின்றுவிடலாம். ஆள் வராத நேரத்தில் பிரைட்டைப் போடுங்கள், எதிர் வெளிச்சம் தெரிந்ததும் இறக்குங்கள்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் ஹெட்லைட்டை டி.சி.க்கு, அதாவது பேட்டரி மின்சாரத்துக்கு மாற்றலாம். மேக்னட் காயிலின் எர்த் முனையைப் பிரித்து எடுத்து, ஏ.சி.யை முழுதும் டி.சி.யாக்கும் ஃபுல்வேவ் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் போட வேண்டும். இதைத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் இல்லாத வண்டியில் உள்ள சின்ன பேட்டரி இதற்குப் போதாது, பெரிதாக மாற்ற வேண்டும். லைட்டுக்கு 10 ஆம்பியர் ஃப்யூஸோடு ரிலே போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஹெட்லைட் எரியவிட்டு, நடுத்தர வேகத்துக்கு முறுக்கிப் பேட்டரியில் மீட்டர் வையுங்கள்: 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் காயில் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் பேட்டரி சில வாரங்களில் செத்துவிடும், பழைய ஏ.சி. ஒயரிங்குக்கே திரும்பிவிடுங்கள்.