பெலும் குகைக்கு ஒரு நாள் பயணம்: கேள்வி பதில்

ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் கொலிமிகுண்ட்லாவுக்கு அருகிலுள்ள பெலும் குகைக்குப் பலமுறை சென்று வந்தவன் என்பதால், பயணத்துக்குத் தயாராகும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியுமா?

குகையைப் பார்க்க ஒரு பகல் போதும். மும்பை மார்க்கத்தில் செல்லும் இரவு ரயில்களில் தாடிபத்திரியில் நிற்பது எது என்று பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து குகை சுமார் 30 கிலோமீட்டர். காலையிலேயே குகையைப் பார்த்துவிட்டால், மாலையில் தாடிபத்திரியில் வடபெண்ணையாற்றங்கரையில் இருக்கும் புக்க ராமலிங்கேசுவரர் கோயிலின் முற்றுப்பெறாத கோபுரங்களையும் நிதானமாகக் காணலாம்.

குகை என்றால் மலையேற வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

மலையே கிடையாது. சமவெளியில், வயல்களுக்கு நடுவே, பாழுங்கிணறு போலத் தெரியும் ஒரு பள்ளத்தில் படி வழியாக இறங்குவதுதான் நுழைவு. கண்டறியப்பட்ட 3,229 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. பெரும்பகுதி நடைதான் என்றாலும் சில இடங்களில் குனிந்து போகவும், படி ஏறி இறங்கவும் வேண்டியிருக்கும். 46 மீட்டர் ஆழத்தில் உள்ள பாதாளகங்கை என்ற நிலத்தடி நீரோடை வரை அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டாம். முன்பகுதியில் இருக்கும் அகன்ற கூடங்களே அவர்களுக்கு நிறைவாக இருக்கும்.

உள்ளே குளிர்ச்சியாக இருக்கும்தானே?

எல்லோரும் ஏமாறுவது இதில்தான். காற்றோட்டம் குறைவு, ஈரப்பதம் மிகுதி. குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தியும்கூட, இறங்கிய சில நிமிடங்களில் என் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பருத்தி உடையும் வழுக்காத செருப்பும் அணிந்து, தண்ணீர் பாட்டிலோடு செல்லுங்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இந்தச் சுரங்கங்களை யார் வெட்டினார்கள்?

தண்ணீர்தான். நம் வீட்டுச் சமையலறையில் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் பதித்திருக்கும் கடப்பா கல்லின் இனத்தைச் சேர்ந்த கருமையான சுண்ணாம்புப் பாறை இது. மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மெல்லிய அமிலமாகி, பாறையின் விரிசல்களைக் கரைத்துக் கரைத்து அகலப்படுத்தியது. பிறகு நிலத்தடி நீரோட்டம் அவற்றை நடைபாதைகளாக்கியது. சுவரைத் தடவினால் ஆற்றுக் கூழாங்கல்லின் வழவழப்புக் கைக்குத் தெரியும். தாடிபத்திரிப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் பெருகியதற்கும் இதே சுண்ணாம்புப் பாறைதான் காரணம்.

இதை முதலில் கண்டது யார்?

ஊர்க்காரர்கள் எப்போதும் அறிந்திருந்த இடம் இது. எழுத்தில் பதிந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1884இல். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர். 1982, 1983ஆம் ஆண்டுகளில் டேனியல் கெபாவரின் ஜெர்மன் குழு முறையாக ஆராய்ந்தது. 2002இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஏழு சுரங்களும் கேட்கும் கற்களைத் தட்டிப் பார்க்கலாமா?

பெலும் குகைக்குள்ளேயே சப்தஸ்வர குகை என்று அழைக்கப்படும் பகுதியில் தொங்கும் கற்கள், தட்டினால் உலோகம் போல ஒலிப்பது உண்மை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் தட்டினால் அவை எத்தனை நாள் தாங்கும்? வழிகாட்டி விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் காட்டுவதைக் கேட்டு நகர்ந்துவிடுங்கள்.